புது ஊரில் நல்ல ஃபலாஃபல் கடையைத் தேடிப் பிடிப்பது எப்படி?

ஒரு பெரிய நகரத்துக்குப் புதிதாக வந்திருக்கிறீர்கள். வெளியில்தான் சாப்பிட்டாக வேண்டும், கையில் காசை எண்ணிச் செலவழிக்கிற நிலை, சைவமாக இருந்தால் நல்லது. இப்படிப்பட்டவர்களுக்குக் கொண்டைக்கடலையை அரைத்து உருட்டிப் பொரிக்கிற ஃபலாஃபலைவிடத் தோதான சாப்பாடு கிடைப்பது கஷ்டம். வயிறு நிறையும், நின்றபடியே சாப்பிட்டுவிடலாம், அனேகமாக எல்லாப் பெருநகரங்களிலும் விற்கிறார்கள். சிக்கலே அங்கேதான் ஆரம்பிக்கிறது. மேப்பில் தேடினால் பக்கம் பக்கமாகக் கடைகள் வரும், எல்லாவற்றுக்கும் நாலுக்கு மேல் ஸ்டார் இருக்கும், நம்பிப் போனால் காலையில் பொரித்துக் குவித்த உருண்டையை மைக்ரோவேவில் சுடவைத்து, காய்ந்த ரொட்டியில் திணித்துக் கையில் கொடுப்பார்கள். அதைச் சாப்பிட்டுவிட்டு "ஃபலாஃபல்னா இவ்வளவுதானா" என்று அந்தப் பக்கமே போகாமல் விட்டவர்கள் நிறையப் பேர்.

கீழே சொல்லியிருப்பது எல்லாமே ஒரே விஷயத்தைச் சுற்றித்தான். ஃபலாஃபல் எண்ணெயிலிருந்து வெளியே வந்த பத்து நிமிஷத்துக்குள் சாப்பிட வேண்டிய பண்டம். ஆகவே நீங்கள் தேடுவது நல்ல செய்முறை வைத்திருக்கும் கடையை அல்ல, செய்முறை ஏறக்குறைய எல்லோருக்கும் தெரிந்ததுதான். உங்கள் ஆர்டர் வந்த பிறகு பொரிக்கிற கடையை, அல்லது பொரித்தது ஆறுவதற்குள் தீர்ந்துபோகிற அளவுக்கு வியாபாரம் ஓடுகிற கடையைத் தேடுகிறீர்கள். ஏரியா, நேரம், கூட்டம், மெனு என்று எதைப் பார்த்தாலும் இந்தக் கண்ணோடு பாருங்கள்.

முதலில், எதைத் தேடுகிறோம் என்று தெரிந்துகொள்ளுங்கள்

காய்ந்த கொண்டைக்கடலையை ராத்திரி முழுக்க ஊறவைத்து, வேகவைக்காமல் பச்சையாகவே வெங்காயம், பூண்டு, பார்ஸ்லி, கொத்தமல்லித் தழை, சீரகம், தனியா சேர்த்துக் கொரகொரப்பாக அரைத்து, உருட்டி எண்ணெயில் பொரித்தால் ஃபலாஃபல். இதில் "வேகவைக்காமல்" என்பதுதான் முக்கியம். பச்சைக் கடலையில் இருக்கிற மாவுச்சத்து சூடான எண்ணெயில்தான் முதல் தடவையாக வேகிறது, வேகும்போது அதுவே உருண்டையை உதிராமல் பிடித்துக்கொள்கிறது. வெந்த கடலையையோ டப்பாவில் வரும் கடலையையோ அரைத்தால் அந்த வேலை முன்னாடியே முடிந்துபோயிருக்கும், உருண்டை எண்ணெயில் பிரிந்து கொட்டும். அதைத் தடுக்க மாவு சேர்ப்பார்கள், மாவு கூடக் கூட உள்ளே பிசுபிசுப்பாகி நெஞ்சை அடைக்கிற ஒன்றாக மாறிவிடும். நீங்கள் சாப்பிட்ட மோசமான ஃபலாஃபலில் பாதி இந்த ரகமாக இருக்கும், மீதிப் பாதி ஆறிப்போன ரகம்.

இரண்டு பெரிய குடும்பங்கள் உண்டு. லெபனான், சிரியா, பாலஸ்தீனம், ஜோர்டான், இஸ்ரேல் பக்கம் கொண்டைக்கடலை. எகிப்தில் ஃபாவா என்கிற பெரிய அவரை இனத்துப் பருப்பு, அங்கே இதற்குப் பெயர் தாமியா. எகிப்தில் தோன்றி வடக்கே போனபோது கடலைக்கு மாறியது என்றுதான் பொதுவாகச் சொல்கிறார்கள். தாமியா தட்டையாக இருக்கும், மேலே எள் தூவியிருப்பார்கள், தழை தாராளமாகச் சேர்ப்பதால் உடைத்தால் உள்ளே நல்ல பச்சை, கடலையில் செய்ததைவிட லேசாகவும் இருக்கும். என்னைக் கேட்டால் எகிப்தியர் கடை ஒன்று கண்ணில் பட்டால் மற்றதையெல்லாம் தள்ளி வைத்துவிட்டு அங்கே போகலாம், அவ்வளவு வித்தியாசம் தெரியும். ஒரே ஒரு எச்சரிக்கை: ஜி6பிடி என்ற நொதிக் குறைபாடு உள்ளவர்களுக்கு ஃபாவா ஆகாது, ரத்தச் சிவப்பணுக்கள் சிதைகிற அளவுக்குப் போகலாம். அந்தக் குறைபாடு உங்களுக்கோ கூட வருபவருக்கோ இருந்தால், கடலையா ஃபாவாவா என்று கேட்காமல் வாயில் வைக்காதீர்கள். இரண்டையும் கலந்து அரைக்கிற கடைகளும் இருக்கின்றன.

எந்தத் தெருவில் தேடுவது

சுற்றுலாப் பயணிகள் நடமாடுகிற நடுநகரத்தை விட்டுவிடுங்கள். அங்கே ஒரு தடவை வந்தவர் மறுபடி வரப்போவதில்லை, அது கடைக்காரருக்கும் தெரியும். அரபு, துருக்கிய, இஸ்ரேலிய, ஈரானியக் குடும்பங்கள் வசிக்கிற, மளிகை வாங்குகிற தெரு எது என்று பாருங்கள். பெர்லினில் நாய்க்கோல்ன் பகுதியின் சொன்னன்அலே, லண்டனில் எட்ஜ்வேர் ரோடு, சிட்னியில் லக்கெம்பா, அமெரிக்காவின் டெட்ராய்ட்டை ஒட்டிய டியர்பார்ன், இப்படி ஒவ்வொரு பெரிய ஊரிலும் ஒரு இடம் இருக்கும். விதிவிலக்கும் உண்டு. பாரிஸில் மாரே பகுதியின் ரோசியே தெரு முழுக்கச் சுற்றுலாக் கூட்டம்தான், ஆனாலும் 1979லிருந்து அங்கே நடக்கிற லாஸ் டு ஃபலாஃபல் கடையில் வியாபாரம் நிற்காமல் ஓடுவதால் உருண்டை சூடாகவே கிடைக்கிறது. நியூயார்க்கின் மெக்டூகல் தெருவில் 1971ல் தொடங்கிய மமூன்ஸும் இதே கதைதான். புகழ்பெற்ற கடை என்பதாலேயே ஒதுக்க வேண்டாம், சூடாகக் கிடைக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

உங்கள் ஊரில் அந்தத் தெரு எது என்று தெரியவில்லையா? ஃபலாஃபலைத் தேடாதீர்கள், அரபு மளிகைக் கடையைத் தேடுங்கள். தஹினி என்கிற எள் விழுது டப்பாக்கள், மூட்டை மூட்டையாகக் கடலை, ஊறுகாய் ஜாடிகள், அன்றன்றைக்குச் சுட்ட ரொட்டிக் கட்டுகள் அடுக்கிய கடை. அங்கே ஏதாவது வாங்குங்கள், சும்மா போய்க் கேட்காதீர்கள், வாங்கிக்கொண்டு கல்லாவில் இருப்பவரிடம் கேளுங்கள். "இங்கே நல்ல ஃபலாஃபல் எங்கே கிடைக்கும்?" என்று கேட்டால் பக்கத்துக் கடையையோ சொந்தக்காரர் கடையையோ கை காட்டிவிடுவார்கள். "நீங்க எங்கே சாப்பிடுவீங்க?" என்று கேளுங்கள். அப்புறம் இன்னொரு கேள்வி: "இந்த ரொட்டி எந்த பேக்கரியிலிருந்து வருது?" அந்த பேக்கரிக்கு நடந்து போனால் அதைச் சுற்றி நாலைந்து சாண்ட்விச் கடைகள் இருக்க வாய்ப்பு அதிகம், ரொட்டி சூடாக வருகிற இடத்தில்தான் அவர்களும் கடை போடுவார்கள்.

டாக்சி ஸ்டாண்டு, பள்ளிவாசல், ராத்திரி ஷிப்ட் முடிகிற மருத்துவமனை, பல்கலைக்கழக வாசல் ஆகியவற்றின் அக்கம்பக்கமும் பார்க்க வேண்டிய இடங்கள். தினமும் சாப்பிடுகிறவர்கள் இருக்கிற இடத்தில் கடைக்காரரால் ஏமாற்ற முடியாது.

மேப்பையும் விமர்சனங்களையும் படிக்கிற விதம்

ஸ்டார் எண்ணிக்கையை வைத்து ஒன்றும் தெரியாது. படங்களைப் பாருங்கள், கடைக்காரர் ஏற்றிய படங்களை அல்ல, சாப்பிட்டவர்கள் கடைசியாக ஏற்றிய படங்களை. யாராவது ஒருவர் உருண்டையை உடைத்தோ கடித்தோ படம் எடுத்திருப்பார். உள்ளே பச்சையோ மஞ்சள் கலந்த பச்சையோ தெரிந்து, கடலைத் துணுக்குகள் தனித்தனியாகக் கண்ணுக்குப் பட்டால் நம்பலாம். வழவழவென்று ஒரே பழுப்பு மாவாக இருந்தால் அடுத்த கடைக்குப் போங்கள். வெளிப்புறம் எல்லா உருண்டையும் அச்சடித்தாற்போல ஒரே அளவு, ஒரே நிறம், வழவழப்பு என்றால் அது உறைந்த பாக்கெட்டிலிருந்து வந்ததாக இருக்கலாம்.

விமர்சனங்களில் "சர்வீஸ் நன்றாக இருந்தது", "இடம் அழகாக இருந்தது" என்பதையெல்லாம் தாண்டிப் போங்கள். "பொரிக்கிற வரைக்கும் காத்திருக்க வேண்டியிருந்தது" என்று யாராவது கோபப்பட்டு ஒரு ஸ்டார் கொடுத்திருந்தால் அந்தக் கடையைக் குறித்துக்கொள்ளுங்கள். "மாலை ஏழு மணிக்கே தீர்ந்துவிட்டது என்று சொல்லிவிட்டார்கள்" என்கிற புலம்பலும் அப்படித்தான். அரபு எழுத்திலோ ஹீப்ரூ எழுத்திலோ தேடிப் பார்ப்பதும் நல்ல வழி, மொழிபெயர்ப்பு ஆப்பில் அந்தச் சொல்லை எடுத்து ஒட்டினால் போதும், ஆங்கிலத்தில் பெயர்கூடச் சரியாகப் போடாத கடைகள் அப்போதுதான் மேலே வரும்.

மெனுவின் நீளமும் துப்புக் கொடுக்கும். பீட்சா, பர்கர், பொரித்த கோழி, பாஸ்தா, அதோடு ஃபலாஃபல் என்று இருந்தால் ஃபலாஃபல் அங்கே ஒப்புக்கு இருக்கிறது. ஃபலாஃபல், ஹம்முஸ் என்கிற கடலை மசியல், ஃபூல் என்கிற ஃபாவா மசியல், சாலட், டீ, அவ்வளவுதான் என்றால் சந்தோஷப்படுங்கள். ஜோர்டான் தலைநகர் அம்மானில் ஹாஷிம் என்ற பழைய கடை கிட்டத்தட்ட இந்த நாலைந்து பண்டங்களை வைத்தே பேர் வாங்கியிருக்கிறது.

எப்போது போவது

கடையை எடைபோட முதல் தடவை போகிறவர்கள் மதியம் சாப்பாட்டு வேளையில் போங்கள். மூன்று நாலு மணிக்குப் போனால் நல்ல கடைகூட மதியத்து மிச்சத்தை வைத்திருக்கும், பாவம் அவர்களையும் குறை சொல்ல முடியாது. எகிப்தியர் கடையென்றால் காலையிலேயே போகலாம், அவர்களுக்குத் தாமியாவும் ஃபூலும் காலை உணவு. யூத சமய விதிப்படி நடக்கிற கோஷர் கடைகள் வெள்ளிக்கிழமை மாலையிலிருந்து சனிக்கிழமை இருட்டும் வரை மூடியிருக்கும், சனிக்கிழமை மதியம் ஆசையாகப் போய்ப் பூட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பாதீர்கள். ரமலான் மாதத்தில் முஸ்லிம்கள் நடத்துகிற பல கடைகள் பகலில் மூடியோ மந்தமாகவோ இருக்கும், ஆனால் நோன்பு திறக்கிற நேரத்துக்கு முன்னால் சட்டி ஓயாமல் கொதிக்கும். அந்த நேரத்தில் வரிசை நீளும், கொஞ்சம் பொறுத்து நின்றால் வருஷத்திலேயே சூடான ஃபலாஃபல் கிடைக்கும்.

வாசலில் ஐந்து நிமிஷம் நில்லுங்கள்

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்வதாக இருந்தால் இதை வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே போவதற்கு முன்னால், போனைப் பார்ப்பது மாதிரி நின்றுகொண்டு, எண்ணெய்ச் சட்டியைக் கவனியுங்கள். சட்டியே கண்ணில் படவில்லை, எல்லாம் பின்னாலிருந்து வருகிறது என்றால் கொஞ்சம் சந்தேகப்படலாம். நல்ல சின்னக் கடைகளில் பெரும்பாலும் சட்டி முன்னாலேயே இருக்கும், அதுதான் அவர்களுடைய விளம்பரம்.

பொரிப்பவரின் கையைப் பாருங்கள். பக்கத்தில் ஒரு பாத்திரத்தில் அரைத்த கலவை இருக்கும், பச்சை நிறத்தில், ஈரமாக, தளர்வாக. கையில் ஒரு சின்ன உலோக அச்சு. கலவையை அதில் வழித்து, கத்தி முனையாலோ தட்டைக் கரண்டியாலோ மேலே குவித்துச் சீவி, கைப்பிடியில் இருக்கிற விசையை அழுத்தினால் வட்டமாக எண்ணெயில் விழும். பழகிய கை இதை ஒரு மூச்சில் செய்துவிடும், ஒன்று விழுந்து நுரைப்பதற்குள் அடுத்தது விழும். விழுந்ததும் எண்ணெய் சுற்றிலும் கலகலவென்று கொதிக்க வேண்டும். 175லிருந்து 180 டிகிரி செல்சியஸ் வரை இருந்தால்தான் அப்படிக் கொதிக்கும். அதற்குக் கீழே போனால் உருண்டை அடியில் சோம்பிக் கிடந்து எண்ணெயைக் குடிக்கும், ரொம்ப மேலே போனால் வெளியே கருகி உள்ளே வேகாமல் நிற்கும். மூன்று நாலு நிமிஷத்தில் மேலே மிதந்து, ஆழ்ந்த பழுப்பு நிறத்துக்கு வந்ததும் துளைக் கரண்டியால் அள்ளி, ஒரு உதறு உதறி வடியவிடுவார்கள். நடுவில் துளை போட்டு வளையமாகப் பொரிக்கிறவர்களும் இருக்கிறார்கள், உள்ளே சீக்கிரம் வேக அது ஒரு வழி. கலவையில் சமையல் சோடா சேர்க்கிற கடைகளில் கவனமான ஆள் பாத்திரம் முழுக்க முதலிலேயே சேர்த்துவிட மாட்டார், பொரிக்கப்போகிற பகுதியில் மட்டும் அப்போதைக்கு அப்போது கலப்பார். இதை நேரில் பார்த்துவிட்டால் மேற்கொண்டு யோசிக்கவே வேண்டாம்.

எண்ணெய் வாசனையை மூக்கில் வாங்குங்கள். பழைய எண்ணெய்க்கு ஒரு காறல் இருக்கும், தெருவிலேயே தெரிந்துவிடும். சட்டியில் கறுப்பு நிறமும் ஓரத்தில் விடாப்பிடியான நுரையும் தெரிந்தால் நடையைக் கட்டுங்கள்.

அடுத்து, பொரித்தது எங்கே போகிறது? கரண்டியிலிருந்து நேராக ரொட்டிக்குள் போனால் நீங்கள் வந்த வேலை முடிந்தது. தட்டில் குவிந்து விளக்குக்குக் கீழே உட்கார்ந்திருந்தால், அந்தக் குவியல் எவ்வளவு வேகமாகக் கரைகிறது என்று பாருங்கள். வரிசையில் நிற்கிற ஆட்களை வைத்துக் கடையை மதிப்பிடுகிறவர்கள் இங்கேதான் கோட்டை விடுகிறார்கள். நீள வரிசை இருந்தும் ஒரே ஆள் எல்லா வேலையும் பார்த்து, உருண்டைகள் தட்டில் ஆறிக்கொண்டிருக்கிற கடையைவிட, மூன்று பேர் மட்டும் நின்றாலும் அவர்களுக்காகத் தனியாகச் சட்டியில் போடுகிற கடை எவ்வளவோ மேல். மைக்ரோவேவ் சத்தம் கேட்டால் போனைப் பார்த்தபடியே நகர்ந்துவிடலாம்.

நேரம் இருந்தால் சாலட் டப்பாக்களையும் ஒரு பார்வை பாருங்கள். தக்காளி, வெள்ளரி இரண்டும் தண்ணீர் விட்டு மிதக்காமல், சின்ன டப்பாவாக, அடிக்கடி மாற்றுகிறார்களா? பீட்ரூட் துண்டு போட்டு ஊறவைத்து ரோஜா நிறமான டர்னிப் ஊறுகாய் இருக்கிறதா? தஹினி சாஸ் வெள்ளையாக, கரண்டியிலிருந்து நாடாவாக இறங்குகிறதா? எள் விழுதில் எலுமிச்சைச் சாறும் தண்ணீரும் விடும்போது முதலில் திரண்டு கெட்டியாகும், விடாமல் அடித்தால்தான் தளர்ந்து வெளுக்கும். அந்தப் பொறுமை இல்லாதவர்கள் மயோனைசைக் கலந்து ஒப்பேற்றுவார்கள், பளபளப்பிலேயே தெரிந்துவிடும்.

முதல் ஆர்டர்

எடுத்த எடுப்பில் சாண்ட்விச் கேட்காதீர்கள். உதிரியாக மூன்றோ நாலோ, பக்கத்தில் கொஞ்சம் தஹினி. சாண்ட்விச்சுக்குள் போய்விட்டால் சாஸும் ஊறுகாயும் சேர்ந்து எந்தக் குறையையும் மூடிவிடும், உருண்டை எப்படி என்று உங்களுக்குத் தெரியவே தெரியாது. கையில் எடுத்து இரண்டாகப் பிளந்து பாருங்கள். மேலோடு மெல்லிசாக, படக்கென்று விரிசல் விட்டு உடைய வேண்டும், உள்ளேயிருந்து ஆவி வர வேண்டும், உள்பக்கம் ஈரமான பாசி மாதிரி பச்சையாக, உதிரியாக, ஆனால் கொட்டாமல் நிற்க வேண்டும். விரலில் எண்ணெய் பளபளக்கலாம், வழியக் கூடாது. அப்படியே வெறுமனே ஒரு கடி. உப்பும் சீரகமும் தழை வாசனையும் தஹினி இல்லாமலே தெரிந்தால், இப்போது சாண்ட்விச் சொல்லுங்கள்.

சாண்ட்விச்சில் ஊருக்கு ஊர் பழக்கம் மாறும். லெபனான் பாணியில் பெரிய மெல்லிய ரொட்டியை இரண்டு ஏடாகப் பிரித்து, உருண்டைகளை அதிலேயே நசுக்கி, பார்ஸ்லி, தக்காளி, முள்ளங்கி, ஊறுகாய், தஹினி வைத்து இறுக்கிச் சுருட்டுவார்கள். ஹம்முஸ் அதில் போடுவது வழக்கமில்லை. இஸ்ரேல் பாணியில் தடித்த பிட்டா ரொட்டியின் வாயைத் திறந்து உள்ளே ஹம்முஸ் தடவி, சாலட், முட்டைக்கோஸ், சில சமயம் வறுத்த உருளைக்கிழங்கு வரைக்கும் திணிப்பார்கள். எகிப்தில் தவிடு ஒட்டிய பலாடி ரொட்டி. பாலஸ்தீனக் கடைகளில் உள்ளே வெங்காயமும் சுமாக் என்கிற புளிப்புப் பொடியும் அடைத்த பெரிய உருண்டை கிடைத்தால் விடாதீர்கள். எது சரி எது தப்பு என்று சண்டை போட இதில் ஒன்றுமில்லை, அந்தந்தக் கடை தனக்குப் பழகியதைச் செய்யட்டும். "எல்லாம் போடுங்க" என்று சொல்லிவிட்டு வேடிக்கை பாருங்கள், முதல் தடவையே வெங்காயம் வேண்டாம், அது வேண்டாம், இது கூட வேண்டும் என்று ஆரம்பித்தால் அவர்களுடைய கணக்கு தெரியாமலே போய்விடும்.

காரத்தில் மட்டும் கவனம். ஷத்தா என்கிற சிவப்பு மிளகாய் விழுதும், ஏமன் வழி வந்த ஸுக் என்கிற பச்சை மிளகாய் விழுதும் கடைக்குக் கடை மாறும், நம் நாக்கு எல்லாம் தாங்கும் என்ற தைரியத்தில் ஒரு கரண்டி வாங்கினால் ஃபலாஃபல் ருசியே போய்விடும், ஓரத்தில் கேளுங்கள். மஞ்சளாக, புளிப்பாக அம்பா என்று ஒரு சாஸ் இருந்தால் அது மாங்காய் ஊறுகாய்தான், இந்தியாவிலிருந்து ஈராக் போய், அங்கிருந்து யூதக் குடும்பங்களோடு இஸ்ரேலுக்குப் போனது. கொஞ்சம் போட்டுப் பாருங்கள், நமக்குப் பிடிக்காமல் போக வாய்ப்பில்லை.

வாங்கியதும் அங்கேயே சாப்பிடுங்கள். காகிதத்தை முழுக்கப் பிரிக்காமல், சாப்பிடச் சாப்பிடக் கிழித்துக்கொண்டே போனால் கீழே ஒழுகாது. வீட்டுக்கு எடுத்துப் போய்த்தான் ஆக வேண்டும் என்றால் உருண்டை, ரொட்டி, சாஸ் மூன்றையும் தனித்தனியாக வாங்குங்கள், உருண்டையைக் காகிதப் பையில் போட்டு வாயைத் திறந்து வையுங்கள். மூடிய பிளாஸ்டிக் டப்பாவில் ஆவி அடங்கி, வீட்டுக்குப் போவதற்குள் மேலோடு நமத்துப்போகும். டெலிவரி ஆப்பில் வரவழைத்துச் சாப்பிட்டுவிட்டு ஒரு கடையை மதிப்பிடுவது அந்தக் கடைக்குச் செய்கிற அநியாயம்.

கேட்க வேண்டியதைக் கேளுங்கள்

சுத்த சைவம் பார்க்கிறவர்கள் "ஃபலாஃபல் சைவம்தானே" என்று விட்டுவிடக் கூடாது. அதே எண்ணெயில் கோழியும் பொரிக்கிறார்களா என்று கேளுங்கள், ஷவர்மாவும் விற்கிற கடையில் இது அவசியம். ஃபலாஃபலை மட்டும் விற்கிற கடைகளை நான் தேடச் சொல்வதற்கு இது இன்னொரு காரணம். பூண்டு சாஸில் முட்டை சேர்த்த மயோனைஸ் இருக்கலாம், வெள்ளை சாஸ் என்பது தயிராகவும் இருக்கலாம், பால் சேர்க்காதவர்கள் தஹினிதான் வேண்டும் என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். கோதுமை ஒத்துக்கொள்ளாதவர்கள் கலவையில் மாவு சேர்த்திருக்கிறதா என்றும், அதே சட்டியில் வேறு என்ன பொரிகிறது என்றும் கேட்க வேண்டும். எள் அலர்ஜி உள்ளவர்களுக்கு இந்தக் கடைகளே சிரமம், தஹினி எல்லாவற்றிலும் கைபட்டிருக்கும். ஐரோப்பிய ஒன்றியத்தில் எள்ளைக் கட்டாயம் சொல்ல வேண்டிய 14 அலர்ஜிப் பொருள்களில் வைத்திருக்கிறார்கள், அமெரிக்காவில் 2023 ஜனவரியிலிருந்து பாக்கெட் உணவுகளில் குறிப்பிட வேண்டிய ஒன்பதாவது பொருளாகச் சேர்த்தார்கள், ஆனால் தெருக்கடையில் வாய் திறந்து கேட்பதுதான் பாதுகாப்பு.

கேட்க வேண்டாத கேள்வி ஒன்று இருக்கிறது. "ஃபலாஃபல் உண்மையில் யாருடையது?" லெபனானியர், பாலஸ்தீனர், எகிப்தியர், இஸ்ரேலியர் எல்லோருக்கும் இதில் பதில் உண்டு, கோபமும் உண்டு, அதன் பின்னால் இடம்பெயர்ந்த குடும்பக் கதைகளும் உண்டு. பசியோடு வரிசையில் நிற்கிறவர்களுக்கு முன்னால் அதைக் கிளற வேண்டாம். "நீங்க எந்த ஊர்?" என்று மட்டும் கேளுங்கள். ஊர் பெயரைச் சொல்லும்போதே பெரும்பாலும் கூட ஒரு உருண்டை தட்டில் விழும். கடைக்காரர் பிள்ளைகள் கல்லாவில் இருந்தால் அவர்களிடம் பேசுவது இன்னும் சுலபம், அந்த ஊர் மொழி அவர்களுக்குத் தண்ணீர் பட்ட பாடாக இருக்கும்.

குடும்பச் சண்டை விஷயத்திலும் தலையிடாதீர்கள், இது வேடிக்கைக்குச் சொல்லவில்லை. பெய்ரூட்டில் 1933ல் தொடங்கிய சஹ்யூன் கடை பின்னாளில் அண்ணன் தம்பிக்குள் பிரிந்து, ஒரே பெயரில் பக்கத்துப் பக்கத்துச் சுவரில் இரண்டு கடைகளாக நடக்கிறது. எது ஒசத்தி என்று ஊரே இரண்டாகப் பிரிந்து பேசும். இப்படி ஒரே பெயரில் இரண்டு கடை உங்கள் ஊரிலும் எதிர்ப்பட்டால் இரண்டிலும் சாப்பிட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு வந்துவிடுங்கள்.

இரண்டாவது தடவை

ஒரு தடவை நன்றாக இருந்தது என்பதற்காக நண்பர்களைக் கூட்டிக்கொண்டு கிளம்பிவிட வேண்டாம். இன்னொரு நாள், இன்னொரு நேரத்தில், முடிந்தால் வியாபாரம் மந்தமான பிற்பகலில் தனியாகப் போய்ப் பாருங்கள். கூட்ட நேரத்தில் சூடாகக் கொடுப்பது சட்டியின் சாமர்த்தியம், மூன்றரை மணிக்கு ஒரே ஒரு ஆள் வந்து நிற்கும்போது "ரெண்டு நிமிஷம் இருங்க, புதுசா போடறேன்" என்று சொல்கிறவர்தான் நீங்கள் தேடி வந்த ஆள். அவர் சொல்லவில்லை என்றால் நீங்களே கேட்டுப் பாருங்கள், "புதுசா போட்டுக் கொடுக்க முடியுமா, நான் காத்திருக்கேன்". முகம் சுளிக்காமல் அச்சைக் கையில் எடுத்தால் சரி.

கிளைகள் பெருகிய கடைகளில் கொஞ்சம் சூதானமாக இருங்கள். 1991ல் ஆம்ஸ்டர்டாமில் ஆரம்பித்த மாவோஸ் என்ற ஃபலாஃபல் கடை பல நாடுகளுக்குப் பரவியது, 2001ல் எகிப்தில் மெக்டொனால்ட்ஸே தாமியா வைத்து மெக்ஃபலாஃபல் விற்றது, ஆக இந்தப் பண்டம் பெரிய அளவிலும் விற்கும்தான். ஆனால் ஓரிடத்தில் மொத்தமாக அரைத்துக் கிளைகளுக்கு அனுப்பும்போது கலவை தண்ணீர் விடும், தழை கறுக்கும், அதைச் சமாளிக்க உலர்ந்த பொடிக்கோ உறைந்த உருண்டைக்கோ மாறுகிறவர்கள் உண்டு. உங்களுக்குப் பிடித்த கடை இரண்டாவது கிளை திறந்தால் பழைய கிளையிலேயே தொடருங்கள், அங்கேயும் உள்ளே நிறம் மாறுகிறதா என்று அவ்வப்போது உடைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கடைசியாகச் சின்னச் சின்ன விஷயங்கள். கையில் கொஞ்சம் ரொக்கம் வைத்துக்கொள்ளுங்கள், சின்னக் கடைகள் சிலவற்றில் கார்டு வாங்க மாட்டார்கள், வாங்கினாலும் இவ்வளவுக்கு மேல் என்றால்தான் என்பார்கள். உட்காரும் இடம் இருக்காது, மழைக்காலத்தில் ஒதுங்க ஒரு கூரை பக்கத்தில் எங்கே இருக்கிறது என்று முன்கூட்டியே பார்த்துவிடுங்கள். மேப்பில் ராத்திரி பதினொன்று வரை திறந்திருக்கும் என்று போட்டிருந்தாலும் அன்றைக்கு அரைத்த கலவை தீர்ந்ததும் ஷட்டரை இறக்கிவிடுகிற கடைகள் உண்டு, கடலை ஊறுவதற்கு ஒரு ராத்திரி வேண்டும் என்பதால் அவசரத்துக்கு இன்னொரு பானை போட அவர்களால் முடியாது. தூரத்திலிருந்து வருவதாக இருந்தால் கிளம்புவதற்கு முன்னால் போன் செய்து கலவை இருக்கிறதா என்று கேட்டுவிடுங்கள்.